பொறியியல் பட்டத்தோடு மைனர் சேர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்காவது செமஸ்டர் முடியப்போகும் நேரத்தில் ஒவ்வொரு வருடமும் என் மேசையைத் தேடி வரும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பு ஆலோசகர் பொறுப்பும் உண்டு. மைனர் எடுத்து அதனால் வழி திறந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், எடுத்துவிட்டு ஆறாவது செமஸ்டரில் தூக்கமில்லாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் விதிகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனை, அதாவது படிப்பு மற்றும் தேர்வு விதிகளின் புத்தகத்தை, ஒட்டியவை. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தாலோ, உங்கள் பேட்ச்சுக்கு வேறு ரெகுலேஷன் என்றாலோ, அந்தப் புத்தகத்தில் உள்ளதுதான் உங்களுக்குச் செல்லும்.

மைனர் என்றால் சரியாக என்ன?

உங்கள் துறைப் பட்டத்துக்கு மேலே, வேறொரு துறையில் 18 கிரெடிட் கூடுதலாகப் படிப்பது. கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் காட்டும் எண். ஒரு பேப்பர், அதாவது ஒரு பாடம், 3 கிரெடிட் என்றால் மொத்தம் ஆறு பேப்பர். ஆறும் ஒரே வெர்டிகலில், அதாவது ஒரே பாடத் தொகுப்பில், இருக்க வேண்டும். மெக்கானிக்கல் மாணவர் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையின் ஒரு வெர்டிகலை எடுக்கலாம். அதோடு, எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவாக ஐந்து வெர்டிகல்கள் இருக்கின்றன: ஃபின்டெக் மற்றும் பிளாக்செயின், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ், சுற்றுச்சூழல் மற்றும் நிலைத்த வளர்ச்சி.

பொறியியல் பட்டத்தின் மொத்த கிரெடிட்டை 160 அளவுக்குக் குறைத்து, கூடுதலாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஆனர்ஸ், மைனர் என்று வழி வைத்தது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2018-இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டம். நம் ரெகுலேஷனுக்கு அது அங்கிருந்துதான் வந்தது.

ஆனர்ஸும் மைனரும் ஒன்றா?

இல்லை. ஆனர்ஸ் உங்கள் சொந்தத் துறைக்குள்ளேயே 18 கிரெடிட் ஆழமாகப் போவது. மைனர் வேறு துறைக்குப் போவது. ஆனர்ஸுக்கு விதியும் கடுமை: எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும், சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து பத்துக்குக் கணக்கிடும் சராசரி, 7.50-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு அரியர் விழுந்தால் ஆனர்ஸ் போய்விடும்.

உங்கள் துறையை உண்மையிலேயே நேசிக்கிறவர், மேற்படிப்புக்கும் அதிலேயே போகப் போகிறவர் என்றால் மைனரை விட ஆனர்ஸ் நல்லது. இதை யாரும் வந்து கேட்பதில்லை, அதனால் நானாகவே சொல்லிவிடுகிறேன்.

யார் சேரலாம்? எப்போது?

மூன்றாவது செமஸ்டர் வரை சி.ஜி.பி.ஏ. 7.50 இருந்தால் ஐந்தாவது செமஸ்டரிலிருந்து பேப்பர் பதிவு செய்யலாம். ஒரு செமஸ்டருக்கு அதிகபட்சம் இரண்டு பேப்பர், அதாவது 6 கிரெடிட்.

ஆறு பேப்பர்தானே, அது என்ன பெரிய சுமை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் தவறான முடிவுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால் வருகின்றன.

3 கிரெடிட் தியரி பேப்பர் என்றால் 45 பீரியட். ஆறு பேப்பருக்கு 270 பீரியட். வகுப்பு நேரம் மட்டும் இது. அசைன்மென்ட், இன்டர்னல், ஸ்டடி லீவில் படிப்பது எல்லாம் சேர்த்தால் இன்னொரு அத்தனை மணி நேரம் ஆகும்.

அடுத்தது, இந்த 270 பீரியட் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை நான்கு செமஸ்டர் இருப்பதாகத் தாளில் தெரியும். ஆனால் எட்டாவது செமஸ்டர் பிராஜெக்ட்டுக்கானது. பலர் அப்போது ஏதாவது ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்பில் இருப்பார்கள், கல்லூரிக்கே வரமாட்டார்கள். ஆக நடைமுறையில் ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்றே செமஸ்டர், செமஸ்டருக்கு இரண்டு பேப்பர். இடையில் ஒன்றைத் தள்ளிப்போட இடமே கிடையாது.

அதே மூன்று செமஸ்டரில் வேறு என்ன நடக்கிறது? துறையின் கனமான பேப்பர்கள், புரொஃபஷனல் எலெக்டிவ், மினி பிராஜெக்ட். ஐந்தாவது செமஸ்டரிலேயே தொடங்கிவிடும் பிளேஸ்மென்ட் பயிற்சி. ஏழாவது தொடக்கத்தில் கம்பெனிகள் வரும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதுகிறவர் என்றால் பிப்ரவரித் தேர்வுக்கு ஏழாவது செமஸ்டர் முழுக்கத் தயாரிப்பு. மூன்றாம் ஆண்டில் சும்மா கிடக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. எதிலிருந்தாவது எடுத்துத்தான் மைனருக்குக் கொடுக்க வேண்டும். எதிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். தூக்கத்திலிருந்து என்று சொல்கிறவர்களை நான் சேர வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். மைனர் வகுப்புகளுக்குப் பல துறை மாணவர்கள் வருவதால் வழக்கமான டைம்டேபிளுக்குள் அவற்றை வைப்பது கடினம். மாலையிலோ சனிக்கிழமையிலோதான் வைப்பார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. கல்லூரி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறவர்கள், வகுப்பு முடியும்போது பஸ் போய்விட்டிருக்குமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண் வைத்திருந்த ஒரு மாணவி இந்த ஒரே காரணத்துக்காக இரண்டாவது பேப்பரோடு நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டுக்குக் கடைசி டவுன் பஸ் ஏழு மணிக்கு.

இணையத்தில் பார்த்தால் எல்லோரும் “மைனர் எடுங்கள், சுலபம்” என்கிறார்களே?

அந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றியவை. அங்கே ஒரு இளங்கலைப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட். அதற்குள்ளேயே மாணவர் விருப்பப்படி நிரப்பிக்கொள்ள இடம் விட்டிருப்பார்கள். அந்த விருப்பப் பேப்பர்களை ஒரே துறையிலிருந்து தேர்ந்தெடுத்தால் பல நேரங்களில் மைனர் தானாகவே முடிந்துவிடும், கூடுதல் சுமை இல்லாமலேயே. நம்முடையது அப்படியல்ல. முழுப் பட்டத்தையும் முடித்து, அதற்கு மேல் 18 கிரெடிட். பெயர் ஒன்றுதான், எடுக்கும் உழைப்பு வேறு. அதனால் அந்த அறிவுரையை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

மைனர் இருந்தால் பிளேஸ்மென்ட்டில் உதவுமா?

“மேம், ரெஸ்யூமேல ஒரு வரி கூடுமே” என்று கேட்பார்கள். கூடும். அந்த வரிக்கு எவ்வளவு எடை என்பதுதான் விஷயம்.

வளாகத்துக்கு வரும் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் எல்லாத் துறை மாணவர்களையும் எடுக்கின்றன. மதிப்பெண் தகுதி, அரியர் இல்லாமை, அவர்கள் வைக்கும் ஆப்டிடியூட் மற்றும் கோடிங் தேர்வு, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். சிவில் மாணவர் கம்ப்யூட்டர் சயன்ஸில் மைனர் முடித்திருந்தாலும் அதே தேர்வைத்தான் எழுதுவார். மைனர் இல்லாத அவர் நண்பரும் அதே தேர்வைத்தான் எழுதுவார். ஐ.டி. வேலைக்கு உள்ளே நுழைவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், 270 பீரியடை தினம் ஒரு மணி நேரக் கோடிங் பயிற்சிக்குக் கொடுங்கள். அது நேராகப் பலன் தரும்.

இன்னொன்று, கம்பெனிகள் ஏழாவது செமஸ்டர் தொடக்கத்தில் வரும்போது உங்கள் கையில் முடிந்திருப்பது நான்கு பேப்பர்தான். மைனர் அப்போது முடிந்திருக்காது. “படித்துக்கொண்டிருக்கிறேன்” என்றுதான் எழுத முடியும். நேர்முகத் தேர்வில் இருப்பவர் அந்த வரியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னால் மைனர் உதவியது, திணறினால் அதுவே பாதகம்.

உண்மையாக உதவும் இடம் ஒன்று உண்டு. இரண்டு துறை சந்திக்கும் வேலைகள். ஓசூரில் ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா என்று மின்சார வண்டித் தொழிற்சாலைகள் வந்த பிறகு, மோட்டாரும் தெரிந்து மென்பொருளும் தெரிந்த ஆளுக்கு நம் ஊரிலேயே தேவை இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கக் கார்த் தொழிற்சாலைகளிலும் அப்படித்தான். இ.இ.இ. (மின், மின்னணுவியல்) மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர் வெர்டிகல் எடுத்து, அதில் படித்ததை வைத்தே பேட்டரி சார்ந்த பிராஜெக்ட் செய்திருந்தால், நேர்முகத்தில் அவர் பேச்சு மற்றவர்கள் பேச்சிலிருந்து வேறாக இருக்கும். கவனியுங்கள், அங்கே பேசுவது பிராஜெக்ட். மைனர் அந்த பிராஜெக்ட்டுக்கு அறிவு கொடுத்தது.

எந்த மைனரை எடுப்பது?

வெர்டிகலின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் பேப்பர் பட்டியலை எடுத்துப் படியுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டியலைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஃபின்டெக் மற்றும் பிளாக்செயினை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டதும் கிரிப்டோ, ஆப், கோடிங் என்று நினைப்பார்கள். உள்ளே நிதி மேலாண்மை, முதலீட்டின் அடிப்படைகள், வங்கி மற்றும் காப்பீட்டுச் சேவைகள், பிளாக்செயின் அறிமுகம், ஃபின்டெக் அறிமுகம், தனிநபர் நிதியும் பணப் பரிமாற்றமும் என்று இருக்கும். பாதிக்கு மேல் நிதிப் பாடம். இது குறையல்ல. வங்கித் துறைக்கு மென்பொருள் செய்யும் கம்பெனிக்குப் போகிற ஒருவருக்கு வட்டிக் கணக்கும் காப்பீடும் புரிவது பெரிய பலம். ஆனால் பிளாக்செயின் புரோகிராமராகும் ஆசையில் சேர்ந்தவர் முதல் வாரமே ஏமாந்துபோவார்.

பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸும் அப்படியே. புள்ளியியல், டேட்டா மைனிங், அப்புறம் மனிதவளம், மார்க்கெட்டிங், சப்ளை செயின், நிதி ஆகியவற்றில் அனலிடிக்ஸ். எம்.பி.ஏ. போகும் எண்ணம் இருப்பவருக்கு அருமையான முன்தயாரிப்பு. மெஷின் லேர்னிங்கின் கணக்கு ஆழத்தைத் தேடுகிறவர் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையின் டேட்டா சயன்ஸ் வெர்டிகலைப் பார்க்க வேண்டும்.

தொழில்முனைவு வெர்டிகலில் குழு அமைப்பது, மார்க்கெட்டிங், ஆள் நிர்வாகம், புதுத் தொழிலுக்கு நிதி திரட்டுவது எல்லாம் வருகின்றன. வீட்டில் ஏற்கெனவே தொழில் இருக்கும் பிள்ளைகள் இதை எடுத்தால் நான் மிகவும் மகிழ்வேன். கோயம்புத்தூரில் பம்ப் செட் பட்டறை வைத்திருக்கும் அப்பாவின் மகனோ, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் அம்மாவின் மகளோ, வகுப்பில் கேட்டதை அன்று மாலையே வீட்டில் பொருத்திப் பார்க்க முடியும். அப்படி எதுவும் இல்லாமல், “லேசான பேப்பர்” என்று கேள்விப்பட்டு எடுக்கிறவர்களுக்கு ஆறு பேப்பர் முடிந்த பிறகும் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சுற்றுச்சூழல் வெர்டிகலை நம் பிள்ளைகள் அதிகம் கண்டுகொள்வதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. திருப்பூரில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்கு வரும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் எந்த நிலைக்குப் போயிருந்தன என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் தெரியும். அதற்குப் பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அந்த ஊரில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. டெக்ஸ்டைல், கெமிக்கல், சிவில் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் தரக் கண்காணிப்பு, பசுமைத் தொழில்நுட்பம், ஆற்றல் சிக்கனம் பற்றிய பேப்பர்கள் நம் ஊர் வேலையோடு நேரடித் தொடர்புள்ளவை. இந்த வெர்டிகலில் ஆறுக்கு மேற்பட்ட பேப்பர்கள் பட்டியலில் இருக்கும். தேர்ந்தெடுக்க இடமுண்டு.

வேறு துறையின் வெர்டிகலை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அது அந்தத் துறை மாணவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்கள் இரண்டு வருடம் அடிப்படை படித்துவிட்டு அங்கே வருகிறார்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தெரியாமல் கிளவுட் வெர்டிகலில் போய் உட்கார்ந்தால் முதல் மாதம் சிரமம்தான். நான்காவது செமஸ்டர் விடுமுறையிலேயே அந்த அடிப்படையைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் விரும்பும் வெர்டிகல் உங்கள் கல்லூரியில் நடக்கிறதா என்று கேளுங்கள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் நடக்காது. போதிய மாணவர்கள் சேராவிட்டாலோ பாடம் நடத்த ஆள் இல்லாவிட்டாலோ வகுப்பு தொடங்காது. முதல் இரண்டு பேப்பர் மட்டுமல்ல, ஆறு பேப்பரும் எந்தெந்த செமஸ்டரில் என்று துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யு.பி.எஸ்.சி. கனவு இருக்கிறது. பொது நிர்வாகம் மைனர் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. சிவில் சர்வீசஸ் மெயின்ஸில் விருப்பப் பாடம் இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் 1750-இல் 500 அதற்கே போகிறது. பொது நிர்வாகமும் அந்த விருப்பப் பாடப் பட்டியலில் உண்டு. மைனரில் வரும் பொது நிர்வாகக் கோட்பாடுகள், அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சிந்தனைகள், இந்திய நிர்வாக அமைப்பு, பொதுக் கொள்கை ஆகியவை மெயின்ஸ் பாடத்திட்டத்தோடு நன்றாகவே ஒட்டுகின்றன. அரசமைப்புச் சட்டம் பொது அறிவுத் தாளுக்கும் பயன்படும்.

ஆனால் செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கும் ஆழம் மெயின்ஸுக்குப் போதாது. இதை முதல் வாசிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேப்பர் படித்துப் பார்த்துவிட்டு “இந்தப் பாடம் எனக்கு ஒத்துவரவில்லை” என்று தெரிந்துகொண்டாலும் அது லாபம்தான். கோச்சிங் கட்டணம் கட்டிய பிறகு தெரிவதை விட எவ்வளவோ மேல். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 மட்டும் எழுதப் போகிறவருக்கு விருப்பப் பாடமே கிடையாது. அவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கப் போகிறேன். பயன்படுமா?

மைனரின் பலன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். துறை மாறி விண்ணப்பிக்கும்போது, அங்கே சேர்க்கைக் குழு உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் அடிப்படைப் பேப்பர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். மெக்கானிக்கல் படித்தவர் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு விண்ணப்பித்தால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், டிஸ்கிரீட் மேத்ஸ் போன்றவற்றைத் தேடுவார்கள். ஆன்லைன் சான்றிதழ் பத்து வைத்தாலும், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் கிரேடோடு இருக்கும் ஒரு பேப்பருக்கு வரும் மதிப்பு வராது.

அதனால் நீங்கள் போக நினைக்கும் நான்கைந்து பல்கலைக்கழகங்களின் முன்தேவைப் பேப்பர் பட்டியலை இப்போதே எடுத்து, மைனர் பட்டியலோடு வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் அந்த மைனர் இந்த நோக்கத்துக்கு உதவாது. ஓபன் எலெக்டிவாகவே, அதாவது பட்டத்துக்குள்ளேயே வேறு துறையிலிருந்து தேர்ந்தெடுக்கும் பேப்பராகவே, அந்த ஒன்றிரண்டு பேப்பரை எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். அதே துறையில் எம்.எஸ். போகிறவருக்கு மைனரை விட சி.ஜி.பி.ஏ.வும் பிராஜெக்ட்டும் முக்கியம்.

கேட் தேர்வு, அரசு வேலை?

மைனரை முழுப் பட்டத்துக்குச் சமமாக நினைத்துவிடாதீர்கள். உதவிப் பொறியாளர் பணிக்குச் சிவில் பட்டம் கேட்டால் சிவில் பட்டம்தான் வேண்டும், சிவில் மைனர் செல்லாது. கேட் தேர்வில் இப்போது இரண்டு தாள் எழுத அனுமதி உண்டு. 2024-இலிருந்து டேட்டா சயன்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாள் இருக்கிறது. அந்தத் தாளை எழுத மைனர் தேவையில்லை. மைனரில் படித்த பாடம் தயாரிப்புக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவே.

என்.பி.டி.இ.எல். படிப்பை மைனரில் சேர்க்கலாமா?

என்.பி.டி.இ.எல். என்பது ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் ஆன்லைன் பாடங்கள், ஸ்வயம் என்ற அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. 18 கிரெடிட்டில் 6 வரை அப்படி ஆன்லைனாகப் படிக்கலாம். 12 வாரப் பாடம் பொதுவாக 3 கிரெடிட். பாடம் இலவசம், தேர்வுக்கு 1000 ரூபாய். மாலை வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் கல்லூரியின் ஒப்புதல் வாங்காமல் பதிவு செய்துவிட்டு வந்து நிற்காதீர்கள். மைனர் பேப்பருக்கு ஈடான பாடம் என்று முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் வாங்க வேண்டும். அசைன்மென்ட்டைத் தவறவிட்டுவிட்டுத் தேர்வில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்த பலரைப் பார்த்திருக்கிறேன்.

பாதியில் விட்டால் படித்தது வீணா?

இல்லை. இந்த விதி தெரியாமலேயே பலர் பயப்படுகிறார்கள். மைனர் வேண்டாம் என்று இடையில் முடிவு செய்தால், அதுவரை முடித்த பேப்பர்களை உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள ஓபன் எலெக்டிவுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் படித்திருந்தால் அதிக கிரேடு உள்ளவை சி.ஜி.பி.ஏ. கணக்குக்குப் போகும். மீதி மதிப்பெண் பட்டியலில் அச்சாகும், கணக்கில் சேராது.

இதனால்தான், தயங்கி நிற்கிறவர்களிடம் ஐந்தாவது செமஸ்டரில் ஒன்றோ இரண்டோ பேப்பர் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் உட்கார்ந்து யோசியுங்கள். துறைப் பேப்பர்களில் கிரேடு இறங்கியிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

என் சி.ஜி.பி.ஏ. 8.4. மைனரா, கிரேடா?

கிரேடு. 8.50 தொட்டு, எல்லாவற்றையும் முதல் முறையிலேயே பாஸ் செய்தால் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு. அந்த இடைவெளி இவ்வளவு குறைவாக இருக்கும்போது நேரத்தை அங்கே போடுங்கள். 9-க்கு மேல் நிலையாக இருக்கிறவர் துணிந்து மைனர் எடுக்கலாம். 7.5-இல் தொட்டும் தொடாமலும் இருக்கிறவரை நான் ஊக்கப்படுத்துவதில்லை.

மைனருக்குப் பதில் வேறு என்ன செய்யலாம்?

முதல் வழி, ஏற்கெனவே உங்கள் பட்டத்துக்குள் இருக்கும் ஓபன் எலெக்டிவ்களைச் சரியாகப் பயன்படுத்துவது. பெரும்பாலான மாணவர்கள் “எந்த சார் நல்லா மார்க் போடுவார்” என்று கேட்டு எடுக்கிறார்கள். அதே பேப்பர்களை ஒரே திசையில் தேர்ந்தெடுத்தால், கூடுதல் சுமை இல்லாமலேயே மைனரின் பாதிப் பயன் கிடைத்துவிடும். சான்றிதழில் வரி வராது, அறிவு வரும்.

இரண்டாவது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸ் போன்ற படிப்புகள். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதித்தது. ஐ.ஐ.டி.யின் படிப்பில் பாதியில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் அது மைனரை விடக் கடினம். வாராவாரம் அசைன்மென்ட், நேரில் போய் எழுதும் தேர்வு. மைனருக்கே நேரமில்லை என்கிறவர் இதில் இறங்கக் கூடாது.

மூன்றாவது, ஒரு நல்ல பிராஜெக்ட். பக்கத்து டிபார்ட்மென்ட் மாணவர் இருவரோடு சேர்ந்து ஆறு மாதம் ஒன்றைச் செய்து முடியுங்கள். வேறு துறைக்காரர் எப்படி யோசிக்கிறார் என்பதைப் பேப்பரை விட அது வேகமாகக் கற்றுக்கொடுக்கும்.

நான் கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிறேன். எனக்கு மைனர் உண்டா?

உங்களுக்கு அது பெரும்பாலும் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இயற்பியல் மாணவருக்குக் கணிதமும் வேதியியலும் வருகிறதே, அந்த அல்லீடு பேப்பர்தான். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 24 கிரெடிட் மைனருக்கு என்று பிரித்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றும் கல்லூரியில், எந்த மைனர் என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே உங்கள் வேலை. கூடுதலாக எடுப்பதா வேண்டாமா என்ற குழப்பம் அங்கே இல்லை.

நண்பர்கள் எல்லோரும் சேர்கிறார்கள். அப்பாவும் சேரச் சொல்கிறார்.

அப்பாவிடம் பேப்பர் பட்டியலையும் உங்கள் டைம்டேபிளையும் ஒன்றாகக் காட்டுங்கள். “இலவசமாக இன்னொரு படிப்பு கிடைக்கிறதே, ஏன் விடுகிறாய்” என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் எண்ணம். அது பாசத்தில் வருவது. மாலை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள், பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு எப்போது நேரம் என்று உட்கார்ந்து பேசினால் அவர்களே யோசிப்பார்கள். பெற்றோர் என்னைச் சந்திக்க வந்தால் நானும் இதையேதான் எடுத்துக் காட்டுகிறேன்.

நண்பர்களைப் பொறுத்தவரை, ஒரே ஒரு சோதனை. அவர்கள் யாருமே சேரவில்லை, சான்றிதழிலும் மைனர் என்று அச்சாகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த ஆறு பேப்பரில் நான்கையாவது படிக்க ஆசை வருமா? வந்தால் சேருங்கள். அப்படி ஆசையோடு சேர்ந்தவர்கள் யாரும் ஆறாவது செமஸ்டரில் என்னிடம் வந்து அழுததில்லை.

பெயர் கொடுக்க இன்னும் ஒரு வாரம்தான். முடிவு செய்ய முடியவில்லை.

சரி, ஒரு வாரம் போதும். இன்றைக்கே சிலபஸை எடுத்து, ஆறு பேப்பரில் உங்களுக்கு மிகவும் பிடிக்காததாகத் தோன்றும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த பேப்பரைக் குறிக்காதீர்கள், அது எல்லோருக்கும் பிடிக்கும். நூலகத்தில் அந்தப் பேப்பரின் புத்தகத்தை எடுத்து, முதல் யூனிட்டை இரண்டு மாலை உட்கார்ந்து படியுங்கள். கூடவே அந்த மைனரைப் படித்துக்கொண்டிருக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, போன செமஸ்டரில் வகுப்பு எத்தனை நாள் நடந்தது, யார் நடத்தினார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டும் முடிந்த பிறகும் மனம் சாயவில்லை என்றால், ஐந்தாவது செமஸ்டருக்கு ஒரே ஒரு பேப்பர் பதிவு செய்யலாமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அப்படிப் பதிவு செய்தால், மீதி ஐந்தை இரண்டு இரண்டாக ஆறிலும் ஏழிலும் முடித்து, கடைசி ஒன்றை எட்டாவதில் ஆன்லைனில் எடுக்க வழியிருக்கிறதா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.